பழைய சைக்கிள் மக்கர் செய்தால்: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் தெருவில் மக்கர் செய்யும் சைக்கிள்கள் எப்படியோ என் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், தாத்தா ஓட்டிய கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) ஹெர்குலிஸ், யாரோ விற்றதை அடிமாட்டு விலைக்கு வாங்கிய கியர் சைக்கிள், எல்லாம் உண்டு. கொண்டு வருபவர்கள் தீர்ப்போடுதான் வருவார்கள். "டியூப் போச்சு", "செயின் மாத்தணும்", "ஃப்ரீவீல் அவுட்." சிலர் பாகத்தையும் கையோடு வாங்கி வந்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் போனது வேறொன்றாக இருக்கும். சைக்கிள் ரிப்பேரில் காசு கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் கீழே பாகத்தின் பெயரில் எதுவும் இல்லை, அறிகுறியின் பெயரில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் தொடும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம்.

கையில் வேண்டியவை: சக்கர நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், நிப்பிள் சாவி (போக்ஸ் கம்பிகளை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டைத் திருக), உப்புத்தாள், பேட்ச், அதை ஒட்டும் சொல்யூஷன், மண்ணெண்ணெய் கொஞ்சம், கிரீஸ், மெல்லிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். செயினில் விட்டால் கொஞ்ச நாளில் பிசினாகி, தெருப் புழுதி முழுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

## 1. காற்று நிற்கவில்லை

முதல் கேள்வி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து பிரியும்.

### இரவு அடித்தால் காலையில் தொய்ந்து கிடக்கிறது

டயரைக் கழற்றாதீர்கள். முதல் சந்தேகம் வால்டியூப் மேல். சாதாரண சைக்கிள் டியூபின் மூக்குக்குள் (காற்று அடிக்கும் வாய்) இருக்கும் ஊசி மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய்தான் அது. வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். காற்றை நன்றாக அடித்து, மூக்கின் நுனியில் எச்சிலையோ சோப்பு நுரையையோ வையுங்கள். குமிழி வந்தால் கதை முடிந்தது. சில ரூபாயில் புது ரப்பர் கிடைக்கும். நனைத்து, ஊசியின் பக்கவாட்டு ஓட்டை முழுவதும் மூடும்வரை தள்ளி மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேல் நட்டைக் கையால் இறுக்கினால் போதும்.

மோட்டார் சைக்கிள் போன்ற மூக்கு உள்ள டியூப் என்றால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கலாம். அதைத் திருகும் சாவி காற்று அடிக்கும் கடைகளில் இருக்கும். இரண்டு நொடி வேலை, பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.

வால்வு சரியாக இருந்தும் மெதுவாக இறங்குகிறதா? பழைய பேட்ச் ஒன்றின் ஓரம் எழுந்திருக்கும். அப்போதுதான் டியூபை வெளியே எடுக்க வேண்டும்.

### அடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்குகிறது

பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை இழுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிப் பாருங்கள். மூக்கு மட்டும் ரிம்மிலேயே இருக்கட்டும். அப்போதுதான் டியூபில் ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் பார்க்க முடியும். பலர் விடுவது இதைத்தான். ஓட்டையை ஒட்டுவார்கள், முள்ளை டயரிலேயே விட்டுவிடுவார்கள், மறுநாள் அதே இடத்தில் மறுபடி பஞ்சர்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

*டயர் பக்கம், ஊசி குத்தியதுபோல் ஒன்று:* முள் அல்லது கம்பி. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் ஓட்டுபவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே ஒடிந்து, உள்ளே முனை மட்டும் நிற்கும். நெடுஞ்சாலையில் இன்னொன்று உண்டு. வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடி போன்ற எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. பழைய பருத்தித் துணியை டயருக்குள் சுற்றித் தேயுங்கள், நூல் சிக்கும் இடத்தில் இருக்கும். விரலால் தேடினால் விரலுக்குப் பஞ்சர்.

*ரிம் பக்கம்:* போக்ஸ் கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது நிப்பிள்களை மூடும் ரிம் டேப் நகர்ந்துவிட்டது. முனையை அரத்தால் ராவிவிட்டு டேப்பை மாற்றுங்கள். டேப் கிடைக்கவில்லையா, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றலாம். நன்றாகவே உழைக்கும்.

*பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்:* முள் இல்லை. காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ஒட்டுங்கள், காற்றைக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

*மூக்கின் அடியில் கிழிசல்:* ஒட்ட முடியாது, புது டியூப்தான். இதுவும் காற்றுக் குறைவின் வேலை. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி, மூக்கை இழுத்துக் கிழிக்கிறது. மூக்கு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே காற்றை இறக்கி டயரைச் சரிசெய்துவிடுங்கள், டியூப் தப்பிக்கும்.

ஒட்டும் முறையில் ஒன்றுதான் முக்கியம், பொறுமை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிய பேட்ச் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை நேராகச் சைக்கிளுக்கு வைக்க வேண்டாம். சைக்கிள் டியூபின் கொள்ளளவு சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். கைப் பம்பு போதும். டயரின் பக்கச் சுவரில் அளவு எழுதியிருக்கும்.

### பட்டென்று வெடிக்கிறது, அல்லது டியூப் பிதுங்குகிறது

டயரின் பக்கச் சுவர் கிழிந்திருக்கிறது. வீடு போய்ச் சேர, உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஓட்டலாம். அதை நிரந்தரமாக்கிவிடாதீர்கள்.

புது டயர் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. "26 இன்ச்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பொருந்தாமல் போகலாம். 26 × 1⅜ ஒரு ரிம்முக்கு, 26 × 1½ இன்னொரு ரிம்முக்கு, 26 × 1.95 போலப் புள்ளி வைத்து எழுதியது மூன்றாவதற்கு. மூன்றுக்கும் ரிம் விட்டம் வேறு: 590, 584, 559 மில்லிமீட்டர். பின்னத்தில் எழுதிய 1½ டயரும் புள்ளியில் எழுதிய 1.5 டயரும் ஒன்றல்ல. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635 ரிம்முக்கானது. நவீன சாலை சைக்கிளின் 700சி 622. பழைய டயரில் 37-590 என்பதுபோல் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தால் அதை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாவது எண் ஒத்துப்போக வேண்டும்.

சைக்கிளில் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் அது டயரில்தான். பின் டயர் சீக்கிரம் தேயும். நல்ல டயரைப் பின்னுக்குப் போட்டுத் தேய்ந்ததை முன்னுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பின் டயர் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் விழுந்துதான் எழ வேண்டும்.

## 2. மிதிக்கும்போது "டக் டக்" சத்தம்

இங்கே காதுதான் மெக்கானிக். சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். முதலில் மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளை உருளவிட்டுக் கேளுங்கள்.

### மிதிக்காமல் உருளும்போதும் வருகிறது

மிதிக்கும் பக்கத்தில் குற்றமில்லை. மட்கார்டு கம்பி, தளர்ந்த கேரியர் நட்டு, போக்ஸில் உரசும் பூட்டு, டயரில் ஏறிய கல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள். செலவு இல்லை. இவை எதுவும் இல்லையென்றால் சக்கரத்தின் பால்ரஸ் (ஆக்சிலைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்), அது 5ஆம் பகுதியில்.

### பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருகிறது

வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பெடல் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையில்) தளர்ந்திருக்கிறதா? இறுக்கும்போது நினைவில் வையுங்கள், இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடலைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும், இடது பெடலை எதிர்ச்சுற்றில். இது தெரியாமல் இடது பெடலைப் பலம்கொண்டு திருகி, கிராங்கின் மரையையே தின்றுவிட்ட சைக்கிள்கள் நிறைய. மரை போனால் கிராங்கையே மாற்ற வேண்டும்.

அடுத்து பெடலின் உள்ளே. பெடலைக் கையில் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்றால் பெடல்தான். விலை குறைந்த பெடலைப் பிரித்து பால்ரஸ் போடுவது நேர விரயம். ஜோடியாகப் புதிது வாங்கிவிடலாம்.

பிறகு காட்டர் பின். பழைய மாடல்களில் கிராங்கை ஆக்சிலோடு பிணைக்கும் ஆப்பு இது. இரண்டு கிராங்குகளையும் தரைக்குச் சமமாக நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று கொஞ்சம் தொங்கினால் பின் தேய்ந்திருக்கிறது. நட்டை மட்டும் இறுக்கி ஓட்டினால் இரண்டு நாளில் சத்தம் திரும்பிவிடும். நட்டை முனைவரை தளர்த்தி, கிராங்கின் அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாகப் பலமாக அடியுங்கள். தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளையும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே பால்ரஸுக்குப் போகும். பழைய பின்னைக் கடைக்குக் கொண்டுபோய் அதே தடிமனில் வாங்குங்கள். மாட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசை பார்க்க வேண்டும், இல்லையென்றால் கிராங்குகள் நேராக நிற்காது.

புது மாடல்களில் காட்டர் பின் கிடையாது, சதுர முனை ஆக்சிலும் ஒரு போல்ட்டும் இருக்கும். அந்தப் போல்ட் தளர்ந்தால் அன்றே இறுக்குங்கள். தளர்ந்த கிராங்கோடு ஒரு வாரம் ஓட்டினால் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கடைசியாக நடு ஆக்சில், கடையில் பி.பி. ஆக்சில் என்பார்கள். செயினைக் கழற்றிவிட்டு இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் மட்டும் இருந்தால் இடப்பக்கக் கப்பையும் (பால்ரஸ் உட்காரும் கிண்ணம்) அதன் பூட்டு வளையத்தையும் இறுக்கினால் சரியாகலாம். சுற்றும்போது நறநறவென்றால் இது கடைக்குப் போக வேண்டிய வேலை. வலப்பக்கக் கப்பைக் கழற்றச் சரியான ஸ்பேனர் வேண்டும். உளி வைத்துத் தட்டினால் ஃப்ரேமின் மரை போகும், அதற்குப் பிறகு சைக்கிளே போகும்.

### இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வருகிறது

செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சாதாரண சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தில் பெரும்பாலும் 44 பல், செயினில் நூற்றுச் சொச்சம் கண்ணி. ஆகவே ஒரே கண்ணி திரும்பி வர ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஆகும். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலை விட்டு வெளியே வரும்போது எந்தக் கண்ணி மடங்கியபடியே வருகிறது என்று பாருங்கள். எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் இளகிவிடும்.

## 3. செயின் கழல்கிறது, அல்லது மிதித்தால் நழுவுகிறது

### கழன்று விழுகிறது

தொய்வு. பெரிய பல்சக்கரத்துக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை அசையலாம். அதற்கு மேல் என்றால் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, ஃப்ரேமின் இரண்டு கைக்கும் நடுவில் நேராக நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சில பல்சக்கரங்கள் சரியான வட்டமாக இருக்காது. ஒரு இடத்தில் விறைப்பாகவும் ஒரு இடத்தில் தொய்வாகவும் இருந்தால், விறைப்பான இடத்தில் அளவு வையுங்கள்.

இழுக்க இடமே இல்லாமல் சக்கரம் ஃப்ரேமின் கடைசியில் நிற்கிறதா? செயின் நீண்டுவிட்டது. ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்துவிட்டு ஓட்டுவது எல்லாரும் செய்வதுதான். செய்வதற்கு முன் அளந்துவிடுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து ஸ்கேல் வைத்தால் 24ஆவது கண்ணியின் பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ⅛ அங்குலம் தாண்டியிருந்தால் செயின் முடிந்தது. கியர் சைக்கிள் என்றால் 1/16 தாண்டும்போதே மாற்றிவிடுவது மலிவு. விட்டால் பற்களையும் அரித்துவிடும்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கை மாட்டும்போது அதன் மூடிய வளைவு செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது பட்டு, நடு ரோட்டில் கழன்றுவிடும்.

### மிதித்தால் பல் தாண்டுகிறது

செயின் பழையதென்றால் மேலே சொன்ன அளவைப் பாருங்கள். புதுச் செயின் போட்ட மறுநாளிலிருந்து தாண்டுகிறது என்றால் பழைய ஃப்ரீவீலின் தேய்ந்த பற்களில் அது உட்காரவில்லை. பற்கள் ஒரு பக்கம் கொக்கியாக வளைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். கியர் இல்லாத சைக்கிளுக்கு அகலச் செயின், கியர் உள்ளதற்கு ஒல்லிச் செயின். கடையில் சைக்கிள் எது என்று சொல்லி வாங்குங்கள்.

கியர் சைக்கிளில் ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் தாண்டினால் பாகம் எதுவும் வாங்காதீர்கள். கேபிள் இளகியிருக்கும். பின் டிரெயிலரில் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கருவி) கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகைக் கால் சுற்று வெளியே திருப்பி ஓட்டிப் பாருங்கள், மோசமானால் உள்ளே திருப்புங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் பின்னால் நின்று பாருங்கள். டிரெயிலர் தொங்கும் காது உள்நோக்கி வளைந்திருந்தால் சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. அதை நேராக்குவது கடை வேலை. கையால் வளைத்தால் ஒடியும்.

### மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை

ஃப்ரீவீலின் உள்ளே இருக்கும் நாக்குகள் எழவில்லை. நாள்கணக்கில் மழையில் நின்ற சைக்கிளுக்கும் கடலோர ஊர்ச் சைக்கிளுக்கும் அடிக்கடி வரும். உடனே "ஃப்ரீவீல் அவுட்" என்று முடிவு கட்டாதீர்கள். சைக்கிளைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் சுற்றுப் பகுதிக்கும் நடுப் பகுதிக்கும் உள்ள இடைவெளியில் மண்ணெண்ணெய் விட்டு, பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருங்கள். கறுப்புக் குழம்பு வெளியே வரும். தெளியும்வரை விட்டு, ஒரு இரவு வடியவிட்டு, பிறகு மெல்லிய எண்ணெய். கிரீஸ் வைக்கவே கூடாது. பல சமயம் நாக்குகள் எழாமல் போவதற்குக் காரணமே யாரோ முன்பு அடைத்த கிரீஸ்தான்.

இதற்கும் பிடிக்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஃப்ரீவீல் கழற்றக் கடைக்குப் போங்கள், அதற்கென்று தனிச் சாவி இருக்கிறது. மாற்றுவது என்று ஆன பிறகு ஒன்றை யோசிக்கலாம். பழைய மாடலில் பெரும்பாலும் 18 பல் இருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்து ஓட்டுபவர்கள், பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்கள், 20 அல்லது 22 பல் போடச் சொன்னால் மிதிப்பது இலகுவாகும். வேகம் கொஞ்சம் குறையும், செயினில் கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். கியர் மாட்டுவதற்குப் பதிலாக இது. சாதாரண சைக்கிளுக்கு டிரெயிலர், ஷிஃப்டர், புதுப் பின் சக்கரம் என்று கியர் மாட்டக் கணக்குப் போட்டால், பழைய கியர் சைக்கிள் ஒன்றின் விலையே வந்துவிடும்.

## 4. பிரேக் பிடிக்கவில்லை, அல்லது கத்துகிறது

### மழையில் மட்டும் பிடிக்கவில்லை

உங்கள் ரிம் பளபளக்கும் குரோம் இரும்பு ரிம்மாக இருக்கும். அது ஈரமானால் எந்த ரப்பரும் சரியாகப் பிடிக்காது. இது பழுது இல்லை, அந்தப் பொருளின் குணம். முன்னாலேயே லேசாகப் பிரேக்கைத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். காசு இருந்தால் முன் சக்கரத்துக்கு மட்டும் அலுமினிய ரிம் போடுங்கள். காலிப்பர் பிரேக் (ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக்) சைக்கிளுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் எனக்குத் தெரியாது. கம்பி பிரேக் சைக்கிளுக்கு இது பொருந்தாது, அதில் பிரேக் கட்டை ரிம்மின் உள்விளிம்பில்தான் போய்ப் பிடிக்கும்.

### எப்போதும் பிடிக்கவில்லை

லீவரை அழுத்திப் பாருங்கள்.

லீவர் ஹேண்டில்வரை வந்து தொடுகிறது, கட்டை இன்னும் ரிம்மைத் தொடவில்லை: கேபிள் தளர்வு. கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை வெளியே திருப்புங்கள். போதாவிட்டால் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி இழுத்துக் கட்டுங்கள். கம்பி பிரேக்கில் கம்பிகள் சேரும் இடத்து நட்டு நழுவியிருக்கும்.

லீவர் கனமாக இருக்கிறது, விட்டாலும் திரும்பவில்லை: உறைக்குள் துரு. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். கேபிளும் உறையும் மலிவு, மாற்றிவிடுங்கள். லீவருக்குள் இருக்கும் நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள், மீதி இழைகளும் வரிசையாக அறுந்துகொண்டே போகும்.

கட்டை தொடுகிறது, அழுத்துகிறது, ஆனாலும் வழுக்குகிறது: ரப்பர் கண்ணாடிபோல் இறுகிவிட்டது, அல்லது ரிம்மில் எண்ணெய். செயினுக்கு எண்ணெய் விட்ட மறுநாள் வரும் புகார் இது. ரிம்மைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் தேயுங்கள். கட்டையில் வரிப்பள்ளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் புதிது.

### கிறீச்சென்று கத்துகிறது

கட்டையின் முன்நுனி பின்நுனியைவிடச் சற்று முன்னதாக ரிம்மைத் தொடும்படி திருப்பி இறுக்குங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கும்.

### டிஸ்க் பிரேக்

மலிவு விலைச் சைக்கிளின் கேபிள் டிஸ்க்கில் பொதுவாக ஒரு பக்கப் பேடு மட்டும்தான் நகரும். நகராத பேடை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவரச் சக்கரப் பக்கமாக ஒரு திருகு இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை, அதனால்தான் "டிஸ்க் பிரேக்கே வேஸ்ட்" என்ற பேச்சு. எண்ணெய் பட்ட பேடைக் கழுவி மீட்க முயல வேண்டாம், மாற்றுங்கள். டிஸ்க் மாட்டும் துளையே இல்லாத ஃப்ரேமுக்கு வெல்டிங் வைத்து டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

## 5. சக்கரம் ஆடுகிறது

ஆட்டம் வேறு, கோட்டம் வேறு. சைக்கிளைக் கவிழ்த்து, சுற்றாமல், ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். பிறகு சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

### அசைத்தால் லொடக் என்கிறது

கோன் (ஆக்சிலில் பால்ரஸைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு) தளர்வு. ஒரு பக்க நட்டைத் தளர்த்தி, கோனை விரலால் இறுகும்வரை திருப்பி, ஒரு பொட்டு பின்னால் விட்டுப் பூட்டுங்கள். ஆட்டமும் இருக்கக்கூடாது, ஆக்சிலைக் கையால் திருப்பினால் கரகரப்பும் இருக்கக்கூடாது. கரகரப்பு போகவில்லை என்றால் பிரித்துப் பால்ரஸ் மாற்ற வேண்டும். வழக்கமான ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்) முன்னால் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9, ¼ அங்குலம். உங்களுடையதை எண்ணி, பழைய குண்டு ஒன்றைக் கடையில் காட்டி வாங்குங்கள். நான்கு புதிது, ஆறு பழையது என்று கலக்க வேண்டாம். கோனின் தடத்தில் குழி விழுந்திருந்தால் கோனும் புதிது. ஹப்பின் கப்பிலேயே குழி என்றால் ஹப்பை மாற்றிச் சக்கரம் கட்ட வேண்டும், அங்கே நிறுத்திக் கடைக்குப் போங்கள்.

### சுற்றினால் இடம் வலமாக நெளிகிறது

கோட்டம். முதலில் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ரிம் இடப்பக்கம் சாயும் இடத்தில், வலப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பிகளை இறுக்க வேண்டும், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் நிப்பிள் கடிகாரச் சுற்றில் இறுகும். இறுக்கி, சுற்றிப் பார்த்து, மறுபடி. ஒரு கம்பி ஒடிந்திருந்தால் அதையே முதலில் மாற்றுங்கள். ஒடிந்த கம்பியை அப்படியே விட்டால் பக்கத்துக் கம்பிகள் பாரம் தாங்காமல் அடுத்தடுத்து ஒடியும்.

கடைக்கு எப்போது: ரிம் மேலும் கீழுமாகத் துள்ளினால், நிப்பிள்கள் துருவில் உறைந்து சாவிக்கு வழுக்கினால், ஃப்ரீவீல் பக்கக் கம்பி ஒடிந்தால். கோட்டம் எடுப்பதில் கை தேர்ந்தவர் கேட்கும் கூலி ஒரு புது ரிம்மோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

## 6. மிதிக்க மிதிக்க நகர மறுக்கிறது

முதலில் காற்று. பிறகு இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிட்டு, எது சீக்கிரம் நிற்கிறது என்று பாருங்கள். பிரேக் உரசுகிறதா, மட்கார்டு உரசுகிறதா, கோன் மிகையாக இறுகியிருக்கிறதா? எல்லாம் சரி, ஆனாலும் முழங்கால் வலிக்கிறது என்றால் சீட் தாழ்வு. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள். கம்பியில் குறைந்தபட்ச அளவுக்கோடு இருந்தால் அதைத் தாண்டி ஏற்றாதீர்கள்.

## 7. ஹேண்டில் பிரச்சினைகள்

ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கமா? முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நேராக்கி, மேல் போல்ட்டை இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்போது கழுத்தில் லொடக் என்றால் கழுத்துக் கப்பை இறுக்க வேண்டும். நேராக வைக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கப்பில் குழி விழுந்துவிட்டது. கப்பு செட் மாற்றுவது கடை வேலை.

## 8. பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால்

மேலே உள்ளதையெல்லாம் அதே வரிசையில் பாருங்கள். டியூப், வால்வு, கேபிள், பிரேக் கட்டை, செயின் போனதெல்லாம் விலை பேசுவதற்கான காரணங்கள். வாங்காமல் திரும்புவதற்கான காரணங்கள் வேறு:

- கழுத்துக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியிருக்கிறது அல்லது முடிபோல் விரிசல். மோதிய சைக்கிள்.
- பக்கத்திலிருந்து பார்த்தால் ஃபோர்க்கின் கால்கள் பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. முன் சக்கரம் ஃப்ரேமுக்கு மிக அருகில் வந்திருக்கும்.
- ஃபோர்க்கில் வெல்டிங். கேரியரில் வெல்டிங் இருந்தால் பரவாயில்லை, ஃபோர்க்கில் இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.
- சீட் கம்பி துருவில் உறைந்து அசையவே இல்லை, உயரமும் உங்களுக்குப் பொருந்தவில்லை.

அட்லஸ் போன்ற பழைய பெயர்களைக் கண்டு தயங்க வேண்டாம். அதன் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்திலேயே, நின்றுபோனது. ஆனால் கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிள்களின் தேயும் பாகங்கள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஹப், காட்டர் பின், 28 இன்ச் டயர் எல்லாம் சின்ன ஊர்க் கடைகளிலும் தொங்கும். மாறாக, விசித்திரமான ஃப்ரேமும் ஷாக் அப்சார்பரும் வைத்த மலிவுச் சைக்கிளுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டு டயர், டியூப், செயின், ஃப்ரீவீல் நான்கும் சேர்ந்து போயிருந்தால் அவற்றின் விலையை அருகிலுள்ள கடையில் கேட்டு, விற்பவர் சொல்லும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதே மாதிரி புதுச் சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம்.

பணம் கொடுக்குமுன் ஃப்ரேம் எண்ணைப் பாருங்கள். பல சைக்கிள்களில் நடு ஆக்சிலுக்கு அடியில் அடித்திருப்பார்கள், அதனால் கவிழ்த்தால்தான் தெரியும். அரத்தால் ராவி எண்ணை அழித்திருந்தால் விலை பேசாதீர்கள். எண் இருந்தால், அதையும் விற்பவர் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.